பலகையில் அடுத்தடுத்து இரண்டு வரிகள்

"வைகாசி, இரண்டாம் செவ்வாய். காலை 6.40: வானம் வெளிப்பு, மழை இல்லை. 7.10: வாசிகசாலைப் பலகையில் மாதத் தகவல் ஒட்டினேன். நான்காம், ஐந்தாம் வரிகள் இருமுறை சரிபார்க்கப்பட்டவை."

என் குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடியே தந்திருக்கிறேன். அந்த இரண்டு வரிகளும் இன்றைக்கும் சரியானவைதான். ஒன்றின் கீழ் ஒன்றாக அவற்றை எழுதியதுதான் பிழை. அந்தப் பிழையால் ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு வாரத்துக்குள் கைவிட்டுப் போகப் பார்த்தது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வவுனியா நகரத்தின் விளிம்பில், நெளுக்குளம் பக்கம் குடியிருக்கிறேன். குளங்களிலும் வாய்க்கால்களிலும் நீர்மட்டம் வாசித்துத் திகதி போட்டு எழுதுவதே முப்பது வருடத் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வாசிகசாலையின் வெளிச்சுவரில் ஒரு பலகை உண்டு. மாதம் ஒருமுறை அதில் ஒரு தாள் ஒட்டுவேன். பெய்த மழை, குளத்தில் நிற்கும் தண்ணீர், நெல் விலை, பஸ் நேர மாற்றம், கிளினிக் நாட்கள். ஒரு வரியைக்கூட ஆளிடம் கேட்டோ ஆவணத்தைப் பார்த்தோ அல்லாமல் எழுதமாட்டேன். சனத்துக்கும் அது தெரியும். தேநீர்க் கடையில் யாராவது வாக்குவாதப்பட்டால், "ஐயாவின்ரை பலகையில இருக்கோ?" என்று கேட்டு முடித்துக்கொள்வார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதை ஒளிக்கத் தேவையில்லை.

எச்.ஐ.வி. தொற்றுடன் புதிதாக இனங்காணப்படுவோரின் தொகை நாட்டில் கூடிவருவதாகப் பத்திரிகைகள் சில காலமாக எழுதிவந்தன. பஸ்ஸில் அதைப் பற்றிக் கதைப்பார்கள். வெளிநாட்டால் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள் என்பார் ஒருவர், கைத்தொலைபேசிதான் காரணம் என்பார் இன்னொருவர். எவரிடமும் ஓர் ஆதாரம் இல்லை. சித்திரை கடைசியில் நகரத்து மண்டபம் ஒன்றில் சுகாதாரப் பகுதியினர் விளக்கக் கூட்டம் வைப்பதாக அறிந்ததும், குறிப்பேட்டையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் இருந்தேன்.

பேசியவர் ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்த் தடுப்புச் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்யும் மிஸ்ஸி. எங்கள் பக்கம் தாதியை அப்படித்தான் அழைப்போம். நாற்பது வயது இருக்கும். குரல் உயராது, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும். திரையில் ஆண்டு வாரியாக வரைபட நிரல்கள் நின்றன. அண்மைய ஆண்டுகளின் நிரல்கள் உயரமாக இருந்தன. மண்டபத்தில் பெருமூச்சுக்கள் கேட்டன. அவா அந்தப் பெருமூச்சுக்களுக்கு இடம் கொடுக்கவில்லை. முன்னர் யாரைப் பரிசோதித்தோம், இப்போது யாரையெல்லாம் பரிசோதிக்கிறோம் என்று விரல் மடித்துச் சொன்னா. கர்ப்பிணித் தாய்மார், குருதிக்கொடையாளர், தாங்களாகவே வருகிறவர்கள். தேடினால்தானே கிடைக்கும் என்றா.

எனக்கு அது உடனே பிடிபட்டது. உருத்திரபுரத்தில் நான் இளம் உத்தியோகத்தனாக இருந்தபோது வாய்க்காலின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை வாசிப்போம். பிறகு காலையும் மாலையும் வாசிக்கும்படி உத்தரவு வந்தது. அந்த ஆண்டின் பதிவேட்டைப் பார்த்த மேலதிகாரி, இந்த வருடம் வெள்ளம் கூடிவிட்டதோ என்று கேட்டார். வெள்ளம் கூடவில்லை, நாங்கள் போய்ப் பார்த்த தடவைகள்தான் கூடியிருந்தன. முன்பும் தண்ணீர் ஏறி இறங்கியது. பார்க்க ஆள் இருக்கவில்லை. இதை நான் எழுந்து நின்று சபையில் சொன்னேன். மிஸ்ஸி சிரித்தா. உதாரணம் நல்லது, ஆனால் அரைவாசிதான் சரி என்றா. பரிசோதனை கூடியதும் ஒரு காரணம், தொற்று உண்மையாகவே, அதுவும் இளம் ஆட்களிடம், பரவுவதும் ஒரு காரணம், எது எவ்வளவு என்று இந்த நிரல் தனியே சொல்லாது என்றா. அதையும் எழுதிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குருதிக்கொடையாளரில் இனங்காணப்பட்டவர்கள் எந்த முகாம்களில் குருதி கொடுத்தவர்கள் என்று கேட்டேன். அது சொல்லமுடியாது என்றா. ஊர் வாரியாகப் பிரித்த கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். அதுவும் சொல்லமுடியாது என்றா. அலுவலகத்து மறைப்புப் பழக்கம் என்று என் மனதில் பட்டது. முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்தவன், மறைப்பைக் கண்டால் மணக்கும் என்று எண்ணிக்கொண்டு வீடு வந்தேன்.

வைகாசித் தாளில் நான்காம் வரி இப்படி இருந்தது: "எச்.ஐ.வி. தொற்றுடன் புதிதாக இனங்காணப்படுவோர் தொகை நகரத்தில் கூடியுள்ளது. பரிசோதனை கூடியதும் இதற்கு ஒரு காரணம். குருதிக்கொடை முகாம்களிலும் இனங்காணப்படுகின்றனர்." ஐந்தாம் வரி: "இவ்வாண்டு இதுவரை நம் பகுதியில் நடந்த குருதிக்கொடை முகாம் ஒன்று. விளையாட்டுக் கழகம், பங்குனி கடைசி ஞாயிறு." முதலாவது மிஸ்ஸி சபையில் சொன்னது. இரண்டாவது என் குறிப்பேட்டில் இருந்தது. தகவலுக்குப் பக்கத்தில் திகதி இருந்தால் தகவல் முழுமையாகும் என்பது என் வழக்கம். ஒட்டிவிட்டு, நான்கு மூலையிலும் ஊசி சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்த்து, வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மூன்று நாளும் காலையில் பிட்டு. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் இடியப்பம்தான். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பெண் இடியப்பம் அவித்து விற்கிறா. முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பெண்பிள்ளைகள், கணவன் இல்லை. விடியமுன் அடுப்பு மூட்டி, ஆறு மணிக்கு நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு ஓட்டோவில் பெரிய பெட்டி அனுப்புவா. மிச்சம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. வெள்ளிக்கிழமையும் பிட்டைக் கண்டதும், இடியப்பம் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன்.

"அவாட்ட வாங்கேல்லை" என்றா மனைவி.

"ஏன்? சுகமில்லையோ?"

மனைவி தேங்காய்ப்பூவைப் பிட்டின் மேல் தூவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னா: "நீங்கள்தானே பலகையில போட்டனீங்கள்."

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. பங்குனி கடைசி ஞாயிறு விளையாட்டுக் கழக முகாமில் குருதி கொடுத்தவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. சித்திரைப் புதுவருடத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி முத்திரை குத்திய கடித உறை ஒன்று அவாவுக்கு வந்தது. அன்றைக்கு அவாவின் படலை பூட்டியிருந்ததால் தபால்காரர் அதை முன்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். முன்கடையில் அரைநாள் அந்த உறை புளிப் போத்தலின் மேல் சாய்ந்து நின்றது. கடைக்கு வந்த எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தும் எவரும் பெரிதாக எடுக்கவில்லை. நான்காம் ஐந்தாம் வரிகள் ஏறிய பிறகுதான் உறைக்கு ஒரு பொருள் பிறந்தது. முகாமில் ஆள் பிடிபட்டிருக்கிறது, நம் பகுதி முகாம் ஒன்றே ஒன்று, அதில் கொடுத்தவர்களில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது ஒருத்திக்கு. என் மனைவி உட்பட, கணக்குத் தெரிந்த எவரும் போடக்கூடிய கூட்டல்.

நான் அப்படி எழுதவே இல்லை என்றேன்.

"ஓம், எழுதேல்லை. வாசிக்க விட்டனீங்கள்" என்றா. சாப்பாட்டால் அது தொற்றாது என்று கூட்டத்தில் கேட்டதை எடுத்துச் சொன்னேன். அதுவும் தெரியும், தெரிந்தும் கை போகவில்லை என்று உண்மையை ஒப்புக்கொண்டா.

நேரே வாசிகசாலைக்குப் போனேன். ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கும்போது, உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கிழிக்காதேங்கோ ஐயா, கிழிச்சால் ஓமெண்டுதான் அர்த்தம்" என்றார். அவர் சொன்னது சரி. மூன்று ஊசி கழன்ற தாளைத் திருப்பி ஊசி குத்தி வைத்துவிட்டு நின்றேன். அந்தப் பெண் இல்லை என்று ஒரு திருத்தம் எழுதினால், பெயரில்லாத சந்தேகத்துக்கு நானே பெயர் வைத்ததாகிவிடும். ஒரு பிழையைக் கண்டால் கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வைத்துப் பழகியவனுக்கு, திருத்தமுடியாத பிழை புதிது.

அன்றைக்குப் பின்னேரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. என்னை உள்ளே வரச் சொல்லி, கதிரையும் போட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கினா. பிள்ளைகளை முன்வீட்டுக்கு விளையாட அனுப்பினா.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடியும்வரை காத்திருந்தா.

"சாப்பாட்டுக் கடையால நேற்று ஆள் வந்தது ஐயா. இந்தக் கிழமையோடை நிப்பாட்டச் சொல்லிச்சினம். திங்கள்துடக்கம் வேறை ஆளைப் பாக்கினமாம். வீட்டு இடியப்பம் நிண்டால் நான் தாங்குவன். கடை நிண்டால் என்ரை அடுப்பு நிண்டுபோம். அவ்வளவுதான் கதை."

இன்றைக்கு வெள்ளி, இடையில் இரண்டு நாள் என்று நான் கணக்குப் போட்டேன். அவா அதைக் கண்டுபிடித்ததுபோல் சிரித்தா.

"திகதி பாக்கிறியளோ?"

கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவாவே எடுத்தா. காட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் புத்தி சொன்னார்களாம். அது என்ன கடிதமாகவும் இருக்கலாம். குருதிக்கொடைக்குப் பிறகு பலவற்றுக்காகவும் ஆளைக் கூப்பிடுவார்கள் என்பதைக் கூட்டத்தில் நானும் கேட்டிருந்தேன்.

"காட்டக்கூடிய கடிதமாய் இருந்தாலும் காட்டமாட்டன்" என்றா. "இண்டைக்கு நான் காட்டினால், நாளைக்குக் கடிதம் வாற பிள்ளையிட்டையும் காட்டு எண்டு கேப்பினம். அந்தப் பிள்ளையால காட்டேலாமல் இருந்தால்?"

நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. வாசித்த புத்தகங்களில் பாதியை அந்தக் கதிரையில் இருந்தபடி மனதுக்குள் திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை 7.05 பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். மிஸ்ஸியின் நிலையம் அரைநாள் திறந்திருந்தது. ஒரு நீள வாங்கு. அதில் இருந்தவர்கள் எல்லாரும் எதிர்ச்சுவரில் இருந்த அறிவித்தல்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு அப்படி ஒரு வழி. பெயருக்குப் பதிலாக இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மிஸ்ஸியிடம் தாளின் பிரதியைக் காட்டினேன். இரண்டு வரிகளையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தா.

"ஐயா, நாங்கள் ஊர்ப் பேர் போடாதது மறைக்கவெண்டு நினைச்சனீங்களோ?"

ஓம் என்று ஒப்புக்கொண்டேன்.

பெரிய நகரத்தில் பெரிய தொகை என்றால் ஓர் ஆள் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம், எங்கள் போன்ற இடத்தில் தொகை சிறிது, சிறிய தொகையைத் திகதியாலும் ஊராலும் வகுத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு முகம் வந்து நிற்கும், அது சரியான முகமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை என்று விளக்கினா. தங்கள் பதிவேட்டில் ஆட்களுக்குக் குறியீட்டு இலக்கம்தான் என்றா. எண்களை இங்கே நான் எழுதாமல் விடுவதும் அதனால்தான். திரையில் கண்டவை என் குறிப்பேட்டில் இருக்கின்றன. இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று நிலையத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்லமுடியுமா என்று கேட்டேன். அதற்கு அவா சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

"இல்லை எண்டு சொல்லுறதும் ஒரு தகவல் ஐயா. ஒராளுக்கு இல்லை எண்டு சொன்னால், அடுத்த ஆளுக்கு நான் பேசாமல் இருக்கேக்கை சனம் விளங்கிக்கொள்ளும். அதாலை ஆருக்கும் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை."

முப்பது வருடத்தில் எந்த மேலதிகாரியும் எனக்கு ஒரு வெற்றுக் கட்டத்தின் பயனை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. என் பதிவேடுகளில் வெற்றுக் கட்டம் என்றால் வேலை செய்யாத நாள். இங்கே அது வேலை.

புறப்பட எழுந்தேன். அவா இருக்கச் சொன்னா. நீங்கள் எப்போதாவது பரிசோதித்ததுண்டா என்று கேட்டா. இந்த வயதிலா என்று கேட்டேன். வயதைக் கேட்கவில்லை, பரிசோதித்ததுண்டா என்றுதான் கேட்டேன் என்றா. நாற்பது வருடம் ஒரே மனைவியோடு வாழ்பவனிடம் கேட்கும் கேள்வியா என்று முகம் சூடாகியது. அந்தச் சூட்டை நானே கவனித்தேன். பலகை பார்த்து அந்தப் பெண்ணைக் கூட்டிக் கழித்தவர்கள் எல்லாரும், அது தங்களிடம் கேட்கக்கூடாத கேள்வி என்ற இந்த இடத்தில் நின்றுதான் கூட்டியிருப்பார்கள். கையை நீட்டினேன். ஊசி குத்தி ஒரு சிறு குழாயில் இரத்தம் எடுத்தார்கள். நேரம் 8.50. காசு இல்லை, பெயர் கேட்கவில்லை. வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் நான் வெளியே வரும்போது நிமிர்ந்து பார்த்தார். தெரிந்த முகம். இருவரும் தலையசைத்தோம். அவர் யார் என்று குறிப்பேட்டில் இல்லை.

அங்கிருந்து சாப்பாட்டுக் கடைக்கு நடந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கம், முஸ்லிம் ஒருவருடைய கடை. அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்து மூன்று மேசையோடு தொடங்கியவர். இப்போது பன்னிரண்டு மேசை. அந்தப் பெண்ணின் இடியப்பத்துக்காகவே காலையில் அங்கே ஆள் நிறையும்.

"நானா, உங்களுக்கு இது சாப்பாட்டால வராதெண்டு தெரியாதோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும் சேர்" என்றார். "நேத்தும் அவ அனுப்பின மிச்சத்தை நான்தான் சாப்பிட்டன். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? கதிரையில இருக்கிறவனுக்குத் தெரியணுமே."

அவர் கெட்டவர் இல்லை. கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வதென்று தெரியாதவர். விளக்கத்தை நான் சொல்கிறேன் என்றேன். சொல்வதை ஆர் நிண்டு கேட்கிறான், காலையில் பஸ் பிடிக்கிற சனம் என்றார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வாசிக்கிறதை விடக் காண்கிறதைச் சனம் நம்பும். பலகையில் எழுதிய ஆளே முன்மேசையில் இருந்து அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டால்? திங்கள் தொடங்கி ஒரு கிழமை, காலை ஆறரை தொடக்கம் எட்டு வரை, வாசலுக்கு நேரே உள்ள மேசை எனக்கு. இடியப்பம் அவாவுடையது. வியாபாரம் படுத்தால் அடுத்த திங்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். நானா தாடியைத் தடவினார்.

"ஒண்டரை மணித்தியாலமும் சாப்பிடுவீங்களா சேர்?"

"மெதுவாச் சாப்பிடுவன்."

"அப்ப முன்மேசை உங்களுக்கு. ஆனா தனியே வராதீங்க. ஆம்பிளை கடையில சாப்பிடுறது பெரிய விசயமில்ல. வீட்டில இருந்து கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கடையில் இருந்து சாப்பிட்டு இருபது வருடமாகிறது, அதுவும் இப்படிக் காட்சிப் பொருளாகவா என்றா. நான் வற்புறுத்தவில்லை. திங்கள் விடிய நான் சட்டை போடும்போது பார்த்தால், கோயிலுக்குக் கட்டும் பச்சைச் சேலையோடு படலையில் நிற்கிறா.

பஸ் ஏற முதல் வாசிகசாலையடியில் நின்று புதுத் தாளை ஒட்டினேன். பழைய தாளைக் கிழிக்கவில்லை. அதன் மேலேயே ஒட்டினேன். முழுத்தாளுக்கும் விடயம் ஒன்றுதான்: "சென்ற தாளின் நான்காம், ஐந்தாம் வரிகளை அடுத்தடுத்து எழுதியது என் தவறு. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. சனிக்கிழமை காலை 8.50க்கு நகரத்து நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டேன். முடிவை எழுதமாட்டேன், கேட்கவும் வேண்டாம். எவருடைய முடிவையும் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. நிலையம் திறக்கும் நாட்கள் கீழே." அதன் கீழே நாட்களும் நேரமும். தாளில் பாதி வெறுமையாகக் கிடந்தது.

கடையில் முதல் நாள் ஒரு சடங்கு வீட்டில் சம்பந்தி வீட்டார் இருப்பதுபோல இருந்தோம். ஆறு இருபத்தைந்துக்கு ஓட்டோ வந்து பெட்டி இறங்கியது. நானா தானே எடுத்துவந்து, எல்லாருக்கும் கேட்கும் குரலில், வழமையான இடியப்பம்தான் சேர் என்று சொல்லி எங்கள் தட்டில் வைத்தார். சொதி ஊற்றினார். மனைவி முதல் வாயை எடுத்தபோது நான் அவாவின் கையைப் பார்த்தேன். ஒரு கணம் நின்றது, பிறகு வாய்க்குப் போனது. மென்று விழுங்கிவிட்டு, சொதிக்கு உப்புக் கொஞ்சம் காணாது என்றா. நானாவுக்கு அது எந்த விளக்கத்தையும் விடப் பெரிய உதவி.

எங்கள் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சிலர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பாண் வாங்கிக்கொண்டு போனார்கள். விவசாயி ஒருவர், எனக்குப் பழக்கமானவர், மேசைக்கு வந்து குனிந்து கேட்டார்: "ஐயா, பயமில்லையோ?" எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் அது இடியப்பத்தில் அல்ல, அவர் கேட்கும் குரல் அந்தப் பெண்ணின் வீடுவரை போய்விடுமோ என்பதில். எதற்குப் பயம் என்று அவரிடமே கேட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் மேசையிலேயே இருந்தார். வாய்க்கால் வாசித்த கதையை, மிஸ்ஸி சொன்ன திருத்தத்தோடு சேர்த்து, அவருக்குச் சொன்னேன். நிரல் ஏறுவதைப் பார்த்துத் தடியெடுக்கவேண்டாம், பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து, கண்டுபிடித்தால் மருந்து உண்டு, நீண்ட காலம் வாழலாம் என்றேன். அவர் ஆறு இடியப்பம் சாப்பிட்டார்.

கிழமை முடிவில் பெட்டி நின்றுபோகவில்லை. முன்னர் போன அளவில் அரைவாசிதான் முதலில் போனது. ஆனி பிறந்தபின் முழுவதும் போகத் தொடங்கியது. அக்கம்பக்கத்து வீடுகளில் இரண்டு மட்டும் இன்றுவரை வாங்குவதில்லை. ஒன்று என் உறவினர் வீடு. வீட்டு வாசலில் நின்று அந்தப் பெண் என் மனைவியிடம் சொன்னதாகக் கேள்வி: "ஐயாவுக்குச் சொல்லுங்கோ, இனிக் கடையில இருந்து தின்னத் தேவையில்லை, வீட்டுக்கே தருவன். ஆனால் நான் என்ன திகதியில அவிச்சனான் எண்டு பலகையில போடவேண்டாம்."

பலகையில் இன்னொன்று நடந்தது. நான் விட்ட வெற்று இடத்தில், தாள் ஒட்டி ஒரு கிழமைக்குள், பென்சிலால் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. "நானும் போனனான்." பெயர் இல்லை. அடுத்து நீல மையில் இன்னொரு வரி. பிறகு சாய்ந்த எழுத்தில், பாடசாலைக் கையெழுத்துப்போல, ஒன்று. ஓர் ஆள் வரியைக்கூட எழுதாமல் ஒரு சரி அடையாளம் மட்டும் போட்டிருந்தார். ஊரில் பாதிப் பேரின் கையெழுத்து எனக்குத் தெரியும். மனுக்கள் எழுதிக்கொடுத்த பழக்கம். இரண்டு வரிகளை ஆர் எழுதினார்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. குறிப்பேட்டைத் திறக்கவில்லை. அந்தத் தாளை மாத முடிவில் கழற்றவும் இல்லை. ஆனித் தகவலைப் பக்கத்தில் தனியே ஒட்டினேன்.

பிறகு ஒருமுறை மிஸ்ஸியை மருந்துக் கடை வாசலில் கண்டேன். எங்கள் பக்கத்தால் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவா அதைக் கண்டுகொண்டு, நல்லாப் படிச்சிட்டீங்கள் ஐயா என்று சொல்லிவிட்டுப் போனா.

இந்த ஆண்டுக்கான நிரல் இன்னும் வெளிவரவில்லை. அது முன்னையதை விட உயர்ந்தால், பத்திரிகைகள் கவலையோடு எழுதும். பஸ்ஸில் காரணம் சொல்வார்கள். நான் கவலைப்பட மாட்டேன், தாழ்ந்தால் மகிழவும் மாட்டேன். அந்த உயரத்தில் ஒரு சிறு பங்கு எங்கள் பலகையடியில் இருந்து பஸ் ஏறிப் போய்க் கையை நீட்டியவர்களுடையதாக இருக்கலாம் என்று நம்புகிறேன். அப்படியா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.